நீதிபதி வேட்பாளர்கள்: நீக்குவதற்கு ஓர் அளவுகோல், தேர்வதற்கு வேறோர் அளவுகோல்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் கலிஃபோர்னியாவில் முதன்முறையாக வாக்குச்சீட்டைப் பிரிக்கும்போது அதிபர், செனட்டர், மேயர் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறார்கள். “சுப்பீரியர் நீதிமன்ற நீதிபதி, இருக்கை எண் இன்னது” என்று ஒரு வரி. அதன் கீழே இரண்டு பெயர்கள், ஒவ்வொன்றின் அடியிலும் தொழிலைச் சொல்லும் இரண்டு மூன்று சொற்கள். கட்சிப் பெயர் கிடையாது. தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி தேர்வாணையத்தின் தேர்வை எழுதித் தேறி வருகிறார். உயர் நீதிமன்ற நீதிபதியைக் கொலீஜியம் பரிந்துரைக்கிறது. நீதிபதிக்கு ஓட்டுப் போடுவது என்பதே நமக்குப் பழக்கமில்லாத காரியம். அதனால் பலர் அந்த வரியை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். சிலர் கேட்ட மாதிரி இருக்கும் பெயரைக் குறிக்கிறார்கள்.

இரண்டுமே எனக்கு வருத்தம் தருகின்றன. விவாகரத்தில் குழந்தை யாரிடம் வளரும், வாடகை பாக்கிக்காக ஒரு குடும்பம் வீதிக்கு வருமா, கைதானவர் வழக்கு முடியும்வரை சிறையில் இருப்பாரா, வீட்டிலிருப்பாரா என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் இந்த வரியில் இருப்பவர்தான். வாஷிங்டனில் இருக்கும் எவரையும்விட நம் வாழ்க்கைக்குள் நேராக நுழையக்கூடியவர். ஆகவே இரண்டு வேட்பாளர்களில் ஒருவரை எப்படித் தேர்வது என்பதை, உண்மையாக நடந்த சில போட்டிகளை எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். சான் பிரான்சிஸ்கோ இதற்கு மிகப் பொருத்தமான ஊர். 2018, 2020, 2024 என்று மூன்று தேர்தல்களில் அங்கே மூன்று விதமான போட்டிகள் நடந்தன.

முதலில் அந்தப் பெயர்கள் சீட்டுக்கு எப்படி வருகின்றன என்பதைப் பார்த்துவிடலாம். கலிஃபோர்னியாவில் கவுண்டி அளவிலான சுப்பீரியர் நீதிமன்ற நீதிபதியின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இடையில் ஓர் இடம் காலியானால் ஆளுநர் ஒருவரை நியமிக்கிறார். பெரும்பாலான நீதிபதிகள் இந்த வழியில்தான் வருகிறார்கள். நியமிக்கும் முன் மாநில வழக்கறிஞர் அமைப்பின் மதிப்பீட்டுக் குழு அவரைப் பற்றி அவருடன் பணியாற்றிய வழக்கறிஞர்களிடமும் நீதிபதிகளிடமும் இரகசியமாக விசாரித்து, தகுதி உண்டா இல்லையா என்று ஆளுநருக்குச் சொல்லும். பதவிக்காலம் முடியும்போது எவரும் எதிர்த்து நிற்காவிட்டால் அவர் பெயர் சீட்டில் வராமலே மறுபடி தேர்வானதாகிவிடும். எவராவது எதிர்த்தால் மட்டுமே நம்மிடம் கேட்கப்படுகிறது. எதிர்த்து நிற்பவருக்கு வேண்டிய அடிப்படைத் தகுதி, பத்தாண்டுகள் வழக்கறிஞராகப் பதிவு பெற்றிருப்பது. ஆளுநரின் வழியில் இருக்கும் அந்த இரகசிய விசாரணை தேர்தல் வழியில் இல்லை. நீதிபதியின் பக்கத்தில் ஒருமுறை சல்லடை போட்டாயிற்று. எதிராளியின் பக்கத்தில் அந்தச் சல்லடை வாக்காளர்தான்.

ஆகவே சீட்டில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன. பதவியில் இருக்கும் நீதிபதியை ஒருவர் எதிர்த்து நின்றால், “இவரை நீக்கப் போதுமான காரணம் இருக்கிறதா?” என்பதே கேள்வி. நீதிபதி ஓய்வு பெற்றதால் காலியான இடத்துக்கு இருவர் நின்றால், “இவர்களில் யார் நல்ல நீதிபதி ஆவார்?” என்பது கேள்வி. இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

2024: இரண்டு நீதிபதிகள், இரண்டு எதிராளிகள்

2024 மார்ச் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு நீதிபதிகளுக்குப் போட்டி இருந்தது. மைக்கேல் பெகர்டை 2010-இல் ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் நியமித்திருந்தார். போதைப் பழக்கத்திலும் மனநோயிலும் சிக்கிக் குற்றம் செய்தவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பி, அவர்கள் ஒழுங்காகப் போகிறார்களா என்று கண்காணிக்கும் சிறப்பு நீதிமன்றங்களை அவர் நடத்திவந்தார். அவரை எதிர்த்தவர் ஆல்பர்ட் ஜெக்கர். தொழில் நிறுவனங்களுக்கான சட்டப் பணியில் நீண்ட அனுபவம் உள்ளவர், அந்த ஊரின் அரசுச் சட்டக் கல்லூரியின் இயக்குநர் குழுவில் இருந்தவர். இன்னொரு இருக்கையில் இருந்த பேட்ரிக் தாம்சனை 2022-இல் ஆளுநர் கேவின் நியூசம் நியமித்திருந்தார். அவரை எதிர்த்த ஜீன் மியோங்ஜின் ரோலண்ட் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரிலேயே அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் பணியாற்றியவர்.

பின்னணி இது. 2022-இல் அந்த ஊரின் தலைமை அரசுத் தரப்பு வழக்கறிஞரான மாவட்ட அட்டர்னி சேசா பூடினை வாக்காளர்கள் பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். ஃபென்டனில் என்ற போதைப்பொருளால் நேர்ந்த மரணங்களும் கார்க் கண்ணாடி உடைப்பும் ஊரின் அன்றாடப் பேச்சாக இருந்தன. ஸ்டாப் கிரைம் ஆக்‌ஷன் என்ற அமைப்பு நீதிபதிகளுக்கு மதிப்பெண் அட்டை வெளியிட்டு, இந்த இருவரையும் தேறாதவர்கள் என்று அறிவித்தது. போதைப்பொருள் விற்றவர்களைத் திரும்பத் திரும்ப வெளியே விடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு.

தெருவில் பயந்து நடக்கும் ஒருவரின் கோபத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அந்தக் குற்றச்சாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளும் முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இதே சான் பிரான்சிஸ்கோவிலிருந்துதான் ஹம்ப்ரி வழக்கு போனது. ஏழு டாலரையும் ஒரு வாசனைத் திரவியப் புட்டியையும் பறித்ததாக ஒரு முதியவர் மேல் குற்றச்சாட்டு. ஜாமீன் தொகை 6,00,000 டாலர் என்று வைத்தார்கள். பிறகு 3,50,000 ஆகக் குறைத்தார்கள். கட்ட வழியில்லாமல் அவர் உள்ளே இருந்தார். 2021 மார்ச்சில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், பணம் கட்ட முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. கைதானவரின் பண வசதியை நீதிபதி கேட்டறிய வேண்டும். பணம் தவிர்த்த நிபந்தனைகள் போதுமா என்று பார்க்க வேண்டும். உள்ளேயே வைப்பதென்றால் அதற்குத் தெளிவான, வலுவான ஆதாரம் வேண்டும். 2018-இல் வந்த இன்னொரு சட்டம், மனநோயுள்ளவர்களை வழக்கிலிருந்து சிகிச்சைக்குத் திருப்பிவிட நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்தது. ஆகவே ஒரு நீதிபதி ஒருவரை வெளியே விட்டார் என்ற செய்தி, அவர் சட்டத்தின்படி நடந்தார் என்பதாகவும் இருக்கலாம், அவர் அசட்டையாக இருந்தார் என்பதாகவும் இருக்கலாம். எத்தனை பேரை விட்டார் என்ற கணக்கு இரண்டையும் பிரித்துக் காட்டாது. அன்று அரசுத் தரப்பு என்ன கேட்டது, என்ன ஆதாரம் வைத்தது, நீதிபதி என்ன காரணம் சொன்னார் என்று வழக்குக் கோப்பைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

சம்பந்தப்பட்ட நீதிபதி மேடையேறி இதையெல்லாம் விளக்குவதும் எளிதல்ல. நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி நீதிபதி வெளியே பேசுவதை நெறிமுறை விதிகள் பெரும்பாலும் தடுக்கின்றன. தேர்தல் நேரத்தில் விமர்சனத்துக்கு உள்ளான தீர்ப்பின் சட்ட அடிப்படையை விளக்க 2020-க்குப் பிறகு சிறிது இடம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அரசியல்வாதிகளின் போட்டியில் இரு பக்கமும் ஒரே உரத்தில் பேசும். இங்கே ஒரு பக்கம் அடக்கி வாசித்தே ஆக வேண்டும். அந்த மௌனத்தைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்வது அநியாயம்.

இனி எதிராளிகளைப் பாருங்கள். ரோலண்ட் நிச்சயமாகத் தகுதி குறைந்தவர் அல்லர். இருபது ஆண்டு குற்றவியல் விசாரணை அனுபவம் என்பது அந்த நீதிமன்றக் கட்டடத்தில் பெரிய மூலதனம். அது காலி இடமாக இருந்திருந்தால் நான் அவரை மிகவும் கவனமாகப் பரிசீலித்திருப்பேன். ஆனால் அது காலி இடமாக இருக்கவில்லை. தாம்சன் பதவிக்கு வந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத நிலையில், ஒழுங்கு மீறல் என்று எதையும் காட்டாமல், அவருடைய ஆணைகளின் திசை பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நீக்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. பெகர்ட் விஷயத்தில் முடிவு இன்னும் எளிது. சிகிச்சை நீதிமன்றம் நடத்துவது பழகிய கை தேவைப்படும் வேலை. ஒவ்வொரு வாரமும் அதே முகங்கள் வரும், சிலர் தேறுவார்கள், சிலர் மறுபடி விழுவார்கள். அந்த அனுபவத்துக்கு ஈடாக ஜெக்கரின் பக்கத்தில் வைக்கக்கூடியதாக எனக்கு எதுவும் தென்படவில்லை. என் முடிவு இருவரையும் தொடரவிடுவது. வாக்காளர்களும் அப்படித்தான் முடிவு செய்தார்கள், இருவரும் வென்றார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குற்றத்தைப் பற்றிப் பேசி ஓட்டு வாங்கி வெல்பவர் குற்றவியல் வழக்குகளையே விசாரிப்பார் என்று உறுதி கிடையாது. யார் எந்தப் பிரிவில் உட்கார வேண்டும் என்பதைத் தலைமை நீதிபதி தீர்மானிக்கிறார். போதைப்பொருள் விற்பவர்களை உள்ளே தள்ளுவார் என்று நம்பி நீங்கள் அனுப்பியவர் அடுத்த ஆண்டு விவாகரத்து வழக்குகளையோ வாடகை வழக்குகளையோ பார்த்துக்கொண்டிருக்கலாம்.

2018: எதிர்த் திசையிலிருந்து வந்த அதே அம்பு

ஆறு ஆண்டுகளுக்கு முன்னால், 2018 ஜூன் 5 அன்று, இதே ஊரில் நான்கு நீதிபதிகளை நான்கு பேர் எதிர்த்தார்கள். நீதிபதிகள் ஆண்ட்ரூ செங், கர்டிஸ் கார்னோ, சிந்தியா மிங்-மெய் லீ, ஜெஃப்ரி ராஸ். எதிர்த்த நால்வரும், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள்: ஃபீனிக்ஸ் ஸ்ட்ரீட்ஸ், மரியா இவாஞ்செலிஸ்டா, க்விக்‌ஷுவான் மலூஃப், நிகி சோலிஸ். ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் இந்த நீதிமன்றம் கடுமையாக நடத்துகிறது என்பது அவர்கள் வாதம். குறிப்பாக இந்த நால்வரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், நால்வரையும் நியமித்தவர்கள் குடியரசுக் கட்சி ஆளுநர்கள் என்பதே காரணம். அந்த நீதிபதிகளோ ஜனநாயகக் கட்சிக்காரர்கள்!

நால்வரும் தப்பித்தார்கள். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2018-இல் “ஷ்வார்ஸ்நெகர் நியமித்தவர்” என்பது கடுமையானவர் என்பதற்கு அடையாளமாகக் காட்டப்பட்டது. 2024-இல் அதே ஷ்வார்ஸ்நெகர் நியமித்த பெகர்ட் அளவுக்கு மீறி இளகியவர் என்று தாக்கப்பட்டார். நியமித்தவரின் பெயரை வைத்து நீதிபதியை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. இடப்பக்கத்திலிருந்து வந்தபோது தவறு என்று நான் நினைத்த ஒரு தாக்குதல், வலப்பக்கத்திலிருந்து வரும்போதும் தவறுதான். இந்த இரண்டு தேர்தல்களிலும் ஒரே மாதிரி முடிவெடுக்க முடிகிறதா என்று ஒவ்வொரு வாக்காளரும் தன்னைக் கேட்டுப் பார்க்கலாம். 2018-இல் நீதிபதிகளைக் காப்பாற்றிவிட்டு 2024-இல் நீக்க நினைத்தவர்களும் இருந்தார்கள், தலைகீழாகச் செய்ய நினைத்தவர்களும் இருந்தார்கள். இருவருமே நீதிபதியை விட்டுவிட்டு அணியை அளந்தவர்கள்.

அதே நாளில், ஒரு மணி நேரப் பயணத் தொலைவில்

2018 ஜூன் 5 அன்றுதான் தெற்கே சான்டா கிளாரா கவுண்டியில், தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சன்னிவேல், சான் ஹோசே பகுதியில், நீதிபதி ஏரன் பெர்ஸ்கி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நான் மேலே சொன்ன அளவுகோலுக்கு மிகக் கடினமான சோதனை இந்த வழக்குதான். அதனால் இதில் நிதானமாக நிற்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 2015 ஜனவரியில் நினைவிழந்து கிடந்த பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தார். 2016 மார்ச்சில் ஜூரி மூன்று குற்றங்களிலும் அவர் குற்றவாளி என்றது. அரசுத் தரப்பு ஆறு ஆண்டு சிறை கேட்டது. ஜூன் 2 அன்று பெர்ஸ்கி கொடுத்தது ஆறு மாதம் கவுண்டி சிறை, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறைவாசம் அந்த இளைஞரைக் கடுமையாகப் பாதிக்கும் என்று தண்டனை அறிவிக்கும்போது அவர் சொன்னார். மூன்று மாதத்தில் அந்த இளைஞர் வெளியே வந்துவிட்டார். பாதிக்கப்பட்ட பெண் நீதிமன்றத்தில் வாசித்த கடிதத்தை உலகம் முழுவதும் படித்தார்கள், கோபம் கொதித்தது. அந்தத் தண்டனை தவறு என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

சில விவரங்கள் அப்போதைய கூச்சலில் அமுங்கிப்போயின. பெர்ஸ்கி முன்பு பாலியல் குற்றங்களை நடத்திய அரசு வழக்கறிஞர். “முன்னாள் அரசு வழக்கறிஞர் என்றால் கடுமையாக இருப்பார்” என்ற எளிய கணக்கு அங்கேயே உடைகிறது. நன்னடத்தைத் துறையின் அறிக்கையும் மிதமான தண்டனையையே பரிந்துரைத்திருந்தது. நீதிபதிகளின் ஒழுங்கை விசாரிக்கும் மாநில ஆணையம் 2016 டிசம்பரில் அவர் தவறிழைத்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றது. தண்டனையை ஏற்காத மாவட்ட அட்டர்னி ஜெஃப் ரோசன்கூடப் பதவி நீக்கத்தை எதிர்த்தார். இன்னொரு விவரம் இதையெல்லாம்விட முக்கியம். தண்டனை வந்த ஐந்தாம் நாள், 2016 ஜூன் 7, தேர்தல். பெர்ஸ்கி அந்தத் தேர்தலில் போட்டியின்றித் தேர்வானார். வேட்புமனுவுக்கான காலம் எப்போதோ முடிந்திருந்தது. சீட்டில் அவர் பெயரே வரவில்லை. நீதிபதி தேர்தலை நாம் வழக்கமாகக் கவனிக்காமல் இருப்பதன் விலை இது.

பிறகு ஸ்டான்ஃபோர்ட் சட்டப் பேராசிரியர் மிஷல் டாபர் தலைமையில் கையெழுத்து திரட்டி, ஏறத்தாழ 60 சதவீத ஆதரவோடு பெர்ஸ்கியை நீக்கினார்கள். கலிஃபோர்னியாவில் 1932-க்குப் பிறகு ஒரு நீதிபதி இப்படி நீக்கப்பட்டது அதுவே முதல்முறை. அதே சீட்டில் அவர் இடத்துக்கு இருவர் போட்டியிட்டார்கள்: மாவட்ட அட்டர்னி அலுவலகத்தைச் சேர்ந்த சிண்டி ஹென்றிக்சன், சிவில் வழக்கறிஞர் ஏஞ்சலா ஸ்டோரி. ஹென்றிக்சன் வென்றார்.

நீக்க ஓட்டுப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இருந்தும் என் முடிவு வேறாகத்தான் இருந்திருக்கும். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னாளில் கலிஃபோர்னியா வழக்குகளைப் பரிசீலித்தபோது, நீக்கும் இயக்கம் அறிவிக்கப்பட்டவுடனேயே மற்ற நீதிபதிகள் கொடுத்த தண்டனைகள் சுமார் 30 சதவீதம் நீண்டிருந்ததைக் கண்டார்கள். அந்தக் கூடுதல் மாதங்களை அனுபவித்தவர்களில் பெரும்பாலோர் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் அல்லர். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் காட்டிய சலுகைக்கு எதிரான கோபம், வேறு கூண்டுகளில் நின்ற ஏழைகள் மீது விழுந்தது. தண்டனைச் சட்டத்தையே மாற்றுவது சரியான வழி. அதையும் 2016-லேயே செய்தார்கள். நினைவிழந்தவரை வன்கொடுமை செய்தால் சிறை கட்டாயம் என்று சட்டம் வந்தது.

எப்போதுதான் நீக்கலாம்? பெர்ஸ்கிக்கு முன்னால் அமெரிக்காவில் இப்படி நீக்கப்பட்டவர் விஸ்கான்சின் மாநிலம் டேன் கவுண்டி நீதிபதி ஆர்ச்சி சைமன்சன், ஆண்டு 1977. பள்ளியில் நடந்த பாலியல் வன்முறை வழக்கில் தண்டனை அறிவிக்கும்போது, பெண்கள் உடுத்தும் உடையைக் காரணமாக்கிப் பேசினார். இருக்கையில் அமர்ந்தபடி, பதிவாகும் விசாரணையில், ஒரு பாலினத்தையே குற்றம் சாட்டினார். அவருக்கு முன்னால் வரும் எந்தப் பெண்ணும் நியாயம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அவரை நீக்கியது சரி. மோரியா க்ரூகர் என்ற பெண் அவர் இடத்துக்கு வந்தார். ஒரு தண்டனை நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்கும், ஒருவகை மனிதர்களை நீதிபதி சமமாகக் கேட்க மாட்டார் என்று வெளிப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு வழக்குகளுக்கு இடையில் இருக்கிறது. அந்த எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் பெர்ஸ்கி நின்றார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2020: காலி இடங்கள்

2020 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று இருக்கைகள் காலியாக இருந்தன. போட்டியிட்ட ஆறு பேரும் பெண்கள். இங்கே யாரையும் நீக்கும் கேள்வி இல்லை. அனுபவத்தை அனுபவத்தோடு நேராக வைத்து ஒப்பிடலாம்.

ஒரு இருக்கையில் பப்ளிக் டிஃபெண்டர் இவாஞ்செலிஸ்டாவும் (2018-இல் தோற்றவர்), அந்த நீதிமன்றத்திலேயே கமிஷனராக வழக்குகளைக் கேட்டுவந்த பாங் லையும். இரண்டாவதில் பப்ளிக் டிஃபெண்டர் மிஷல் டாங்கும், வாடகை வாரியத்தில் தீர்ப்பாளராக இருந்த டோரதி ப்ரௌட்ஃபுட்டும். மூன்றாவதில் வெளியேற்றத்தை எதிர்த்துக் குடித்தனக்காரர்களுக்காக வாதாடிய கேரலின் கோல்டும், அரசு வழக்கறிஞர் குல்விந்தர் ராணி சிங்கும். இவாஞ்செலிஸ்டா, டாங், கோல்ட் ஆகியோர் வென்றார்கள்.

என் தராசு முதல் இரண்டில் மறுபக்கம் சாய்ந்திருக்கும். வாதாடுவது ஒரு திறமை. இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத் தோற்பவருக்கும் புரியும்படி முடிவு சொல்வது வேறு திறமை. லையும் ப்ரௌட்ஃபுட்டும் அந்த இரண்டாவது வேலையை ஏற்கெனவே செய்துவந்தவர்கள். அதைச் சிறப்பாகச் செய்தார்களா என்று பார்த்தவர்களிடம் விசாரிக்க முடியும். வாதாடியவரைப் பற்றி அப்படி விசாரிக்க வழியில்லை, ஊகிக்கத்தான் வேண்டும். மறுபக்கம் சொல்வதிலும் நியாயம் உண்டு. கலிஃபோர்னியாவில் அரசு வழக்கறிஞர்களாக இருந்து நீதிபதியானவர்கள் ஏராளம், குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நின்று பழகியவர்கள் குறைவு. நீதிபதிகள் குழாமில் அந்தக் கண்ணோட்டமும் வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். காலி இடத்துக்கு மட்டும் அந்த வாதத்தை ஏற்பேன்.

மூன்றாவது இருக்கைதான் கஷ்டம். அரசு வழக்கறிஞரும் சரி, குடித்தனக்காரர் வழக்கறிஞரும் சரி, வாழ்நாள் முழுவதும் ஒரே பக்கத்தில் நின்றவர்கள். அரசு வழக்கறிஞருக்குக் காவலர் சாட்சியத்தை நம்பிப் பழகிய மனம். மற்றவருக்கு வீட்டுச் சொந்தக்காரரைச் சந்தேகித்துப் பழகிய மனம். இந்த மாதிரிப் போட்டியில், அவர்களை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர்கள் அவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதற்கு நான் மிக அதிக எடை கொடுப்பேன். எதிரணி மதிக்கிறதென்றால் அந்த ஆள் ஆதாரத்தை மறைக்கவில்லை, சொன்ன வார்த்தை தவறவில்லை என்று பொருள்.

அந்த மூன்றாவது சீட்டில் ராணி சிங் என்ற பெயரைக் கண்டதும் நம்மில் எத்தனை பேருடைய பேனா தானாக நகர்ந்திருக்கும்! தவறான காரணத்துக்காக ஒரு தகுதியுள்ளவருக்குப் போட்டாலும் அது தவறான காரணம்தான். ஏனென்றால் இதே பழக்கம் நமக்கு எதிராகத் திரும்பும்போது மிகக் கொடியது. 2006 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஜிந்த்ரா யானவ்ஸ் என்ற நீதிபதி தோற்றார். லாட்வியப் பெயர். இருபது ஆண்டுகள் பதவியில் இருந்தவர். கவுண்டி வழக்கறிஞர் சங்கம் அவருக்குத் தன் மிக உயர்ந்த மதிப்பீட்டைக் கொடுத்திருந்தது. அவரை வென்ற லின் ஓல்சன் கணவருடன் சேர்ந்து பேகல் ரொட்டிக் கடை நடத்தியவர். அவருக்கு அதே சங்கம் கொடுத்த மதிப்பீடு “தகுதியற்றவர்”. உச்சரிக்கக் கடினமான பெயர் தோல்விக்கு ஒரு காரணம் என்று பலரும் கருதினார்கள். ஆளுநர் சில நாட்களிலேயே யானவ்ஸை மறுபடி நியமிப்பதாக அறிவித்தார். மீனாட்சிசுந்தரம் என்றோ திருஞானசம்பந்தம் என்றோ ஒரு பெயர் நாளை அந்தச் சீட்டில் வரும்போது அதைப் பெயராகப் பார்க்காமல் ஆளாகப் பார்க்க வேண்டும் என்று நாம் மற்றவர்களிடம் எதிர்பார்ப்போம் அல்லவா?

பெயருக்கு அடியில் வரும் தொழில் விவரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். “கொலை வழக்கு வழக்கறிஞர்” போன்ற மிடுக்கான விவரங்கள் பல ஆண்டுகள் ஓட்டு வாங்கித் தந்தன. 2017-இல் சட்டம் திருத்தி, அரசு வழக்கறிஞர்கள் தங்கள் உண்மையான பதவிப் பெயரைத்தான் போட வேண்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். நிலைமை தேறியிருக்கிறது, ஆனாலும் இரண்டு மூன்று சொற்களில் ஓர் ஆளைக் காட்ட முடியாது.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே நீதிபதிகள் கட்சிப் பெயரோடு நிற்கிறார்கள். 2018-இல் ஹூஸ்டன் அமைந்த ஹாரிஸ் கவுண்டியில் போட்டியிருந்த அத்தனை நீதிபதி இடங்களையும் ஜனநாயகக் கட்சி அள்ளியது. அவர்களில் கறுப்பினப் பெண்கள் 17 பேர். நல்லவர்கள் பலர் வந்தார்கள், நல்லவர்கள் சிலர் போனார்கள். தனித்தனியாக எவரையும் எவரும் எடைபோட்டிருக்க முடியாது. அத்தகைய இடங்களில் உண்மையான தேர்வு கட்சியின் உட்தேர்தலில்தான் நடக்கிறது. பக்கத்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் கேரளத்தைச் சேர்ந்த சுரேந்திரன் பட்டேல் பதவியில் இருந்த நீதிபதியை வென்றது 2022-இன் உட்தேர்தலில்தான். டெக்சஸ் தமிழர்கள் நவம்பருக்குக் காத்திராமல் மார்ச்சில் வாக்களிக்க வேண்டும்.

எங்கே தேடுவது

கலிஃபோர்னியா வாக்காளருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் நீதிபதிகளின் ஒழுங்கை விசாரிக்கும் மாநில ஆணையத்தின் இணையதளம். பகிரங்கமாகக் கண்டிக்கப்பட்ட நீதிபதிகளின் பெயரும் காரணமும் அங்கே இருக்கும். பதவியில் இருப்பவர் பெயர் அதில் இருந்தால் அந்த ஆணையை முழுவதும் படியுங்கள். வழக்காட வந்தவர்களைத் திட்டுவது, வழக்கைத் தாமதப்படுத்துவது, தனக்கு வேண்டியவர் வழக்கில் தலையிடுவது ஆகியவை நீக்குவதற்கு உண்மையான காரணங்கள். அடுத்து உள்ளூர் வழக்கறிஞர் சங்கத்தின் மதிப்பீடு. அது குறையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அங்கே அதிகம், எதிர்த்து நிற்பவர்களிடம் சற்றுக் கடுமை காட்டுவதும் உண்டு. ஆனால் “தகுதியற்றவர்” என்று அது சொல்லிவிட்டால் நான் அதைத் தாண்டிப் போக மாட்டேன்.

மூன்றாவதாக நன்கொடைப் பட்டியல். அதே நீதிபதி முன்னால் வந்து வாதாடப்போகும் வழக்கறிஞர்களே பெரும்பாலும் பணம் கொடுக்கிறார்கள். அது இந்த முறையின் பிறவிக்குறை. ஒரே அமைப்போ ஒரே தொழிலோ பெருந்தொகை கொடுத்திருந்தால் கவனிக்க வேண்டும். மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரி நிறுவனத் தலைவர் ஒருவர் ஒரு நீதிபதியின் தேர்தலுக்காக 30 லட்சம் டாலர் செலவழித்தார்; பிறகு அந்த நீதிபதியே அவருடைய நிறுவனத்தின் வழக்கில் அமர்ந்து நிறுவனத்துக்குச் சாதகமாக வாக்களித்தார். அந்த நீதிபதி விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்ல வேண்டியிருந்தது.

வேட்பாளர் அளிக்கும் வாக்குறுதிகளை எதிர்மறையாகவே நான் படிக்கிறேன். “இன்ன வகை வழக்கில் இப்படித்தான் தீர்ப்பேன்” என்று வாக்குறுதி கொடுப்பதை நெறிமுறை தடுக்கிறது. அதை மீறியோ மீறாதது போல் சுற்றிவளைத்தோ பேசுபவர், நாளை உங்கள் வழக்கைக் கேட்கும் முன்னரே முடிவு செய்துவிட்டவராக இருப்பார்.

முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். நீதிமன்றங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. சான் பிரான்சிஸ்கோவின் குற்றவியல் நீதிமன்றம் பிரையன்ட் தெரு 850-ஆம் எண்ணில் இருக்கிறது. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிட்டால் பின்வரிசையில் யாரும் உட்காரலாம், எவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுபவரிடம் நீதிபதி எப்படிப் பேசுகிறார், வழக்கறிஞர் இல்லாமல் வந்து தடுமாறுபவருக்கு நேரம் கொடுக்கிறாரா, முடிவுக்குக் காரணம் சொல்கிறாரா என்று ஒரு காலைப்பொழுது கவனித்தால் பத்து துண்டுப் பிரசுரங்கள் சொல்லாதது தெரியும். எதிர்த்து நிற்பவர் வழக்கறிஞராக இருந்தால் அவர் வாதாடும் நாளையும் கண்டுபிடித்துப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் நேரமில்லை, மதிப்பீடும் கிடைக்கவில்லை, இரண்டு பெயர்களைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை என்றால், பதவியில் இருப்பவர் போட்டியில் இருக்கும் இடத்தில் அவரைத் தொடரவிடுங்கள். சீட்டில் அவர் பெயருக்கு அடியில் பெரும்பாலும் நீதிபதி என்ற பதவிப் பெயரே இருக்கும். காலி இடமாக இருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மேலே போகலாம். அதனால் உங்கள் மற்ற வாக்குகள் எதுவும் செல்லாமல் போகாது.